கொடையும் விழிப்பும்

சென்ற ஆண்டு எங்கள் பள்ளி மண்டபத்தில் இரத்த தான முகாம் ஒன்று நடைபெற்றது. கிள்ளான் வட்டாரத்துப் பெற்றோர்களும் முன்னாள் மாணவர்களும் காலை எட்டு மணிக்கே வந்து வரிசையில் நின்றனர். இரத்தம் கொடுப்பதற்கு முன்னர் ஒவ்வொருவரும் ஒரு நீண்ட வினாத்தாளை நிரப்ப வேண்டும். காமாலை கண்டதுண்டா? அறுவை மருத்துவம் செய்துகொண்டதுண்டா? பிறருடைய இரத்தம் ஏற்றப்பெற்றதுண்டா? ஊசி வழியே போதைப்பொருள் செலுத்திக்கொண்டதுண்டா? இப்படி வினாக்கள் நீண்டுகொண்டே போகும்.

பயிற்சிக்காக எங்கள் பள்ளிக்கு வந்திருந்த இளம் ஆசிரியர் ஒருவர் அந்தத் தாளைப் படித்துவிட்டு முகம் சுளித்தார். "ஐயா, கொடுக்க வந்தவரைக் குற்றவாளியை விசாரிப்பதுபோல் விசாரிக்கிறார்களே, இது முறையா?" என்று கேட்டார். பணிச்சுமையில் அன்று அவருக்கு ஒரு சொல்லில் விடை கூறி அனுப்பிவிட்டேன். ஆனால், அந்த வினாவிற்குரிய விடை ஒரு சொல்லில் அடங்குவதன்று. அதன் பின்னே அரை நூற்றாண்டு வரலாறு இருக்கின்றது. அவ்வரலாற்றை ஆசிரியர்களும் மாணவர்களும் அறிந்திருத்தல் நன்று எனக் கருதியே இக்கட்டுரையை எழுதுகின்றேன்.

கொடைமடம்

தமிழ் இலக்கியம் கற்றோர்க்குக் கொடைமடம் என்னும் சொல் புதிதன்று. முல்லைக்குத் தேர் ஈந்த பாரியின் செயலைக் கொடைமடம் என்கின்றோம். பெறுபவர் யார், கொடுக்கும் பொருள் அவருக்கு உதவுமா என்றெல்லாம் எண்ணிப் பாராமல், உள்ளம் உருகிக் கொடுத்தல் அது. அந்த மடம் வள்ளலுக்கு அழகு சேர்ப்பது.

இரத்தம் கொடுப்பவரும் ஒருவகையில் பாரியின் வழித்தோன்றலே ஆவார். தம் இரத்தம் யாருடைய உடலிற் சென்று சேரும் என்பதை அவர் அறியார். விபத்துற்ற இளைஞனுக்கோ பிள்ளை பெற்ற தாய்க்கோ தலசீமியா நோயுற்ற குழந்தைக்கோ அது செல்லலாம். அறியாமலேயே கொடுக்கின்றார், அதுவே அவர் பெருமை. ஆனால், அந்தக் கொடையை வாங்கிப் பகிர்ந்தளிக்கும் நிலையத்திற்கு அந்த மடம் கூடாது. அதற்கு விழிப்பே வேண்டும். 'தானத்திற் சிறந்தது நிதானம்' என்று நம் பெரியோர் விளையாட்டாகச் சொல்வதுண்டு. இரத்த தானத்தைப் பொறுத்தவரை அஃது விளையாட்டுச் சொல் அன்று. உயிர் காக்கும் சொல்.

பெயரில்லாத நோய்

ஒருவர் குருதியை மற்றொருவர்க்கு ஏற்றுவது பாதுகாப்பான மருத்துவமாக மாறியதற்கு அடிகோலியவர் வியன்னா நகரத்து அறிஞர் கார்ல் லேண்ட்ஸ்டைனர். 1901ஆம் ஆண்டில் அவர் இரத்த வகைகளைக் கண்டு வெளிப்படுத்தினார். அதற்காக 1930இல் நோபல் பரிசும் பெற்றார். அவர் பிறந்த ஜூன் 14ஆம் நாளையே இன்று உலக இரத்தக் கொடையாளர் நாளாகக் கொண்டாடுகின்றோம்.

வகை பொருந்தினால் போதும் என்று எண்ணிய மருத்துவர்கள் விரைவிலேயே வேறொரு சிக்கலைக் கண்டனர். இரத்தம் ஏற்றப்பெற்றோருள் சிலருக்குச் சில வாரங்களோ மாதங்களோ கழித்துக் கல்லீரல் அழற்சி தோன்றியது. காரணம் என்ன என்பது நெடுங்காலம் விளங்கவில்லை. அமெரிக்க அறிஞர் பருக் பிளம்பெர்க் 1960களில் 'ஹெப்பாடைட்டிஸ் பி' நச்சுயிரியைக் காட்டிக்கொடுக்கும் அடையாளப் பொருளைக் கண்டறிந்தார். பலமுறை இரத்தம் ஏற்றப்பெற்ற ஒருவருடைய இரத்தநீரே அதற்குத் துணை நின்றது. 1970களின் தொடக்கத்தில் அந்நச்சுயிரிக்குரிய சோதனை பல நாடுகளில் நடைமுறைக்கு வந்தது. சிக்கல் தீர்ந்தது என்றே பலரும் எண்ணினர்.

ஆனால், தீரவில்லை. அமெரிக்காவின் தேசியச் சுகாதாரக் கழகத்தில் ஹார்வி ஆல்டர் என்பவரும் அவருடைய துணைவர்களும் இரத்தம் ஏற்றப்பெற்ற நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து வந்தனர். பி வகைக்குரிய சோதனை வந்த பின்னரும் நோய் தொடர்ந்தது. ஏ வகையா எனச் சோதித்தனர், அதுவும் இல்லை. ஆகவே 1975இல் அதற்கு 'ஏயும் அல்லாத, பியும் அல்லாத கல்லீரல் அழற்சி' என்று பெயர் வைத்தனர். பெயர் எனக் கூறுவதைவிடப் பெயரின்மை எனக் கூறுவதே பொருந்தும். இன்னது என்று சொல்ல இயலாதபோது இன்னது அன்று என்று சொல்லி வைத்தார்கள்.

அந்நோயின் இயல்பும் அறிஞரை ஏமாற்றியது. உடல் மஞ்சள் நிறம் அடைந்தாலன்றோ நாம் காமாலை என்போம்? இந்நோய் பெரும்பாலோர்க்கு மஞ்சள் காட்டுவதில்லை, வலியும் தருவதில்லை. தொற்றியவருள் ஏறத்தாழ நூற்றுக்கு முப்பது பேர் மருந்தின்றியே தேறிவிடுவர். எஞ்சிய எழுபதின்மரின் உடலில் அது தங்கிவிடும். இருபது ஆண்டுக்காலம் ஓசையின்றி உறைந்து, அவர்களுள் சிலருக்குக் கல்லீரலை இறுகச் செய்யும், புற்றுநோயாகவும் மாறும். 1980இல் ஏற்றிய இரத்தத்தின் விளைவை 2005இல்தான் ஒருவர் உணர்வார். இடையில் அவர் தம் பிள்ளைகளை வளர்த்திருப்பார், பேரப்பிள்ளைகளையும் கண்டிருப்பார்.

இரத்தம் வாணிகமானபோது

வரலாற்றில் நாம் ஊன்றி நோக்க வேண்டிய பகுதி இது. பெயர் தெரியாத நோயையும் தடுக்க வழி இருந்தது. அமெரிக்காவில் அக்காலத்தில் பணத்திற்கு இரத்தம் விற்போர் பலர் இருந்தனர். வறுமையாலும் போதைப் பழக்கத்தாலும் தூண்டப்பெற்றோர் தம் நோயை மறைத்தே விற்றனர். ஆல்டர் பணிபுரிந்த நிலையத்தில், விலைக்கு வாங்கிய இரத்தம் ஏற்றப்பெற்ற இதய நோயாளிகளுள் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குக் கல்லீரல் அழற்சி கண்டது. 1970இல் தன்னார்வக் கொடையாளரின் இரத்தத்தை மட்டுமே ஏற்பதென முடிவு செய்து, பி வகைச் சோதனையையும் சேர்த்த பின், அது பத்தில் ஒருவர் என்ற அளவிற்குக் குறைந்தது. அதே 1970இல் ஆங்கிலச் சமூகவியல் அறிஞர் ரிச்சர்டு டிட்மஸ், இரத்தத்தைக் கொடையாகப் பெறுவதே பாதுகாப்பானது. விலைப்பொருளாக்கினால் அறமும் கெடும், உடலும் கெடும் என்று ஒரு நூலில் நிறுவினார்.

எனினும், வாணிகம் வேறு வாயில் வழியே நுழைந்தது. ஹீமோபீலியா என்னும் இரத்தம் உறையாமை நோயுற்றோர்க்காக, எட்டாம் காரணி என்னும் மருந்து இரத்தநீரிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. ஆயிரக்கணக்கானோரின் இரத்தநீரை ஒரே கொப்பரையில் கலந்து அதனை ஆக்கினர். ஒருவருடைய இரத்தத்தில் நச்சுயிரி இருந்தாலும் கொப்பரை முழுவதும் கெட்டது. குடம் பாலில் ஒரு துளி நஞ்சு என்பது இங்கே உவமை அன்று, உண்மை நிகழ்ச்சி. சிறைச்சாலைக் கைதிகளிடம் விலைக்கு வாங்கிய இரத்தநீரும் அதில் கலந்திருந்தது. 1980களின் நடுவில் வெப்பமூட்டி நச்சுயிரியை அழிக்கும் முறை பரவும்வரை இந்நிலை தொடர்ந்தது.

பிரிட்டனில் இதன் விளைவு கொடியது. சர் பிரையன் லேங்ஸ்டாப் தலைமையில் அமைந்த விசாரணை ஆணையம் 2024 மே 20ஆம் நாள் தன் அறிக்கையை வெளியிட்டது. 30,000க்கு மேற்பட்டோர் இரத்தத்தாலும் இரத்தப் பொருள்களாலும் ஹெப்பாடைட்டிஸ் சி, எச்ஐவி முதலிய தொற்றுகளுக்கு ஆளாயினர் என்றும், ஏறத்தாழ 3,000 பேர் இறந்துபட்டனர் என்றும் அது கூறியது. இத்துயரத்தின் பெரும்பகுதியைத் தவிர்த்திருக்கலாம் என்பதே அதன் முடிவு. மருத்துவத் துறையும் அரசாங்கமும் உண்மையை மறைத்தன என்றும் அது தெளிவாகச் சுட்டியது.

அவ்வறிக்கையில் ஒரு பகுதியை ஒரு தலைமையாசிரியனாகிய என்னால் எளிதிற் கடந்து செல்ல முடியவில்லை. ஹாம்ப்ஷயரில் டிரிலோர் என்னும் உறைவிடப் பள்ளி இருந்தது. ஹீமோபீலியா நோயுற்ற சிறுவர்கள் அங்கே தங்கிப் படித்தனர். மருத்துவமும் பள்ளி வளாகத்திலேயே நடந்தது. 1970க்கும் 1987க்கும் இடையில் அங்குப் பயின்ற அத்தகைய மாணவர் 122 பேருள் ஏறத்தாழ 30 பேரே அவ்வறிக்கை வெளிவந்தபோது எஞ்சியிருந்தனர். அச்சிறுவர்களிடமும் பெற்றோரிடமும் உரிய இசைவு பெறாமலே ஆய்வுகள் நடைபெற்றன. பள்ளி என்பது பிள்ளைகளைப் பெற்றோர் நம்பி ஒப்படைக்கும் இடம். அந்த நம்பிக்கை எங்கே உடைந்தாலும் அது நம் அனைவர்க்கும் உரிய செய்தியே.

அயர்லாந்தின் கதை தாய்மார்களின் கதை. 1970களின் இறுதியில், இரத்த வகை ஒவ்வாமையிலிருந்து அடுத்த குழந்தையைக் காப்பதற்காகப் பிள்ளை பெற்ற தாய்மார்க்கு ஓர் ஊசி போடப்பட்டது. காமாலை கண்ட ஒருவருடைய இரத்தநீரும் அம்மருந்தில் சேர்ந்திருந்தது. 1,000க்கு மேற்பட்ட தாய்மார்களுக்கு நோய் தொற்றியது. 1994ஆம் ஆண்டில்தான் அச்செய்தி வெளியுலகிற்குத் தெரிந்தது.

அறிந்த நாளும் செயற்பட்ட நாளும்

1989ஆம் ஆண்டில், கலிபோர்னியாவில் கைரோன் என்னும் நிறுவனத்தைச் சேர்ந்த மைக்கேல் ஹூட்டன், கூய் லிம் சூ, ஜார்ஜ் குவோ ஆகியோரும், அரசு அறிஞர் டேனியல் பிராட்லியும் அந்தப் பெயரில்லா நோயின் நச்சுயிரியைக் கண்டறிந்தனர். நுண்ணோக்கியில் அதனைக் காணாமலேயே, மரபுக்கூறுகளின் துணுக்குகள் பல இலட்சத்தைச் சலித்துப் பிடித்தனர். அதற்கு 'ஹெப்பாடைட்டிஸ் சி' என்று பெயர் வந்தது. ஆல்டர், ஹூட்டன், சார்லஸ் ரைஸ் ஆகிய மூவர்க்கும் 2020இல் நோபல் பரிசு வழங்கப்பெற்றது.

சோதனை கிடைத்தபின் ஒவ்வொரு நாடும் அதனை எப்போது மேற்கொண்டது என்பதே வரலாற்றாசிரியன் கேட்க வேண்டிய வினா. ஜப்பான் 1989 இறுதியிலும், அமெரிக்கா 1990இலும், பிரிட்டன் 1991 செப்டம்பரிலும், நம் மலேசியா 1994இலும் கொடையாளர் இரத்தத்தைச் சோதிக்கத் தொடங்கின. இந்தியாவில் இருபத்தோராம் நூற்றாண்டின் தொடக்கத்திற்குப் பிறகே அது கட்டாயமாயிற்று. செலவும் கருவியும் பயிற்சியும் வேண்டும் என்பது உண்மையே. எனினும், அறிந்த நாளுக்கும் செயற்பட்ட நாளுக்கும் இடைப்பட்ட ஒவ்வொரு மாதத்திலும் யாரோ ஒருவர் அறுவை மேசையில் படுத்திருந்தார் என்பதும் உண்மையே.

இதைப்பற்றிச் சிந்திக்கும்போதெல்லாம் எங்கள் கிள்ளானின் பழைய நிகழ்ச்சியொன்று என் நினைவுக்கு வரும். கொசுவே மலேரியாவைப் பரப்புகின்றது என்பதற்குரிய சான்றை ரொனால்டு ராஸ் இந்தியாவில் 1897இல் கண்டார். நான்கே ஆண்டுகளில், 1901இல், கிள்ளானுக்கு வந்த மருத்துவர் மால்கம் வாட்சன் அந்த அறிவைச் செயலாக்கினார். சதுப்பு நிலங்களில் வடிகால் வெட்டச் செய்தார். காடு திருத்தச் செய்தார். கிள்ளான், சுவெட்டன்ஹாம் துறைமுகம் ஆகிய நகரங்களிலிருந்து மலேரியாவால் மருத்துவமனை சேர்ந்தோர் 1901இல் 610 பேர். 1902இல் 199 பேர். 1903இல் 69 பேர். அறிவு விரைந்து செயலானால் விளைவு இத்தகையது. ஆயினும், வடிகால் நகரத்திற்கே முதலில் வந்தது. நம் முன்னோர் காடழித்து இரப்பர் நட்ட தோட்டப்புறங்களில் காய்ச்சல் அவ்வாண்டுகளில் அவ்வாறு தணியவில்லை. ஆகவே, எப்போது செயற்பட்டோம் என்பதோடு யாருக்கு முதலில் செயற்பட்டோம் என்பதையும் வரலாறு கேட்கின்றது.

ஓர் ஆசிரியையின் மௌனம்

இதனை எழுதத் தூண்டிய மற்றொரு காரணமும் உண்டு. பிரிக்பீல்ட்சில் வாழும் ஓர் ஆசிரியை எனக்கு மூத்தவர். நான் பணியிற் சேர்ந்தபோது கரும்பலகையில் எழுதும் முறையை எனக்குக் காட்டிக் கொடுத்தவர். அவரை அக்கா என்றே அழைப்பேன். 1984ஆம் ஆண்டில் இரண்டாவது பிள்ளைப்பேற்றின்போது அவருக்கு இரத்தப்போக்கு மிகுந்தது. மூன்று புட்டி இரத்தம் ஏற்றி அவரைப் பிழைக்க வைத்தனர். அந்த இரத்தம் இல்லையேல் அன்றே அவர் உயிர் போயிருக்கும்.

முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்து, வேறொரு காரணத்திற்காகச் செய்த சோதனையில் ஹெப்பாடைட்டிஸ் சி இருப்பது தெரியவந்தது. போதை ஊசி போட்டுக்கொண்டதுண்டா என்று ஓரிடத்தில் கேட்டார்களாம். வழக்கமாகக் கேட்கவேண்டிய கேள்விதான். ஆனால், வாழ்நாளெல்லாம் நன்னெறி கற்பித்த அவருக்கு அது நெருப்பாய்ச் சுட்டது. வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. தனித் தட்டும் தனிக் குவளையும் வைத்துக்கொண்டார். பேத்தி ஓடிவந்து மடியில் அமர்ந்தால் மெல்ல விலக்கினார். ஓராண்டு கழிந்த பின்னரே என்னிடம் கூறினார்: "தம்பி, எனக்கு இரத்தம் கொடுத்த புண்ணியவானை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால், இந்தக் குவளையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை."

அந்தக் குவளை தேவையே இல்லை என்பதை அவர் அறிந்திருக்கவில்லை. ஒன்றாய் உண்பதாலோ, ஒரே குவளையில் நீர் பருகுவதாலோ, குழந்தையைத் தழுவி முத்தமிடுவதாலோ இந்நோய் பரவுவதில்லை. இரத்தத்தோடு இரத்தம் கலந்தாலன்றித் தொற்றுவது அரிது. சவரக்கத்தி, பல்துலக்கி ஆகியவற்றைத் தனியே வைத்துக்கொண்டால் போதும்.

மலேசியாவில் இந்நோயுற்றோரில் பெரும்பாலோர் போதை ஊசி வழியே தொற்றுக்கு ஆளானோர் என்பது மெய்யே. 2009ஆம் ஆண்டின் நிலையைக் கணித்த ஓர் ஆய்வு, 15 முதல் 64 வயதினருள் நூற்றுக்கு 2.5 பேர், அதாவது ஏறத்தாழ 450,000 பேர் நோய்த்தொற்றுடையோர் என மதிப்பிட்டது. அவர்களும் நோயாளர்களே, இழிவுக்குரியோர் அல்லர். ஒருசாரார் மீது நாம் சுமத்தும் இழிவு, மற்றொரு சாராரின் வாயையும் அடைத்துவிடுகின்றது. அக்காவின் மௌனம் அதற்குச் சான்று.

மருந்தும் உரிமையும்

முன்னாளில் இதற்கிருந்த மருத்துவம் கடுமையானது. பலருக்கு ஏறத்தாழ ஓராண்டுக் காலம் வாரந்தோறும் ஊசி, காய்ச்சலும் சோர்வும் மனத்தளர்ச்சியும் துணை, பாதிப்பேரே குணமடைந்தனர். 2013இல் சோபோஸ்புவிர் என்னும் மாத்திரை வந்தது. வேறொரு மருந்துடன் பன்னிரண்டு வாரம் உட்கொண்டால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேற்பட்டோர் குணமடைகின்றனர். ஆனால், அமெரிக்காவில் அம்மாத்திரை ஒன்றின் விலை அப்போது 1,000 டாலராக இருந்தது. பன்னிரண்டு வாரத்திற்கு 84,000 டாலர்!

இந்நிலையில் மலேசிய அரசாங்கம் துணிந்து ஒரு செயலைச் செய்தது. காப்புரிமைச் சட்டம் அரசாங்கத்திற்கு அளித்துள்ள உரிமையைப் பயன்படுத்தி, அம்மருந்தின் மலிவான வடிவத்தை அரசாங்க மருத்துவமனைகளுக்குத் தருவிக்க முடிவு செய்தது. அப்போதைய சுகாதார அமைச்சர் டத்தோஸ்ரீ டாக்டர் எஸ். சுப்பிரமணியம் 2017 செப்டம்பரில் இதனை அறிவித்தார். சோபோஸ்புவிருக்கு இத்தகைய நடவடிக்கையை மேற்கொண்ட முதல் நாடு மலேசியாவே. 2018 முதல் அரசாங்க மருத்துவமனைகளில் இச்சிகிச்சை இலவசமாகக் கிடைக்கத் தொடங்கியது. ரவிடாஸ்விர் என்னும் மற்றொரு மருந்தின் ஆய்விலும் மலேசியாவும் தாய்லாந்தும் பங்கு கொண்டன. 301 நோயாளிகளுள் நூற்றுக்கு 97 பேர் குணமடைந்தனர். 2021இல் அம்மருந்து மலேசியாவில் பதிவு பெற்றது.

சோதனைக்கு முந்திய காலத்தில் நாம் பின்தங்கினோம் எனில், மருந்தைப் பொறுத்தவரை முந்திச் சென்றோம் என்றே கூறவேண்டும். குறையைச் சொன்ன வாயால் நிறையையும் சொல்வதே வரலாற்று அறம்.

ஈண்டு ஒரு சொல். காமாலை என்றதும் கீழாநெல்லியை அரைத்துக் கொடுப்பது தோட்டப்புற வழக்கம். 1988இல் சென்னை அறிஞர் எஸ். பி. தியாகராசனும் பிளம்பெர்க்கும் பிறரும் கீழாநெல்லி பற்றி நம்பிக்கையூட்டும் ஆய்வொன்றை வெளியிட்டதும் உண்டு. ஆனால், அது பி வகை பற்றியது. பின்வந்த ஆய்வுகள் அதனை உறுதிப்படுத்தவில்லை. சி வகைக்கு உறுதியான மருந்து கையில் இருக்கும்போது மூலிகையை நம்பி நாள் கடத்துதல் தகாது.

ஆசிரியர் செய்யத்தக்கது

அக்கா பன்னிரண்டு வாரம் மாத்திரை உட்கொண்டார். பின்னர்ச் செய்த சோதனையில் நச்சுயிரி இல்லை என்று வந்தது. அன்று மாலை அவர் வீட்டிற்குச் சென்றிருந்தேன். தனிக் குவளை அடுக்களையில் காணப்படவில்லை. பேத்தி பருகி வைத்த மைலோவின் மிச்சத்தை அவரே எடுத்துப் பருகினார்.

1994க்கு முன்னர் இந்நாட்டில் இரத்தம் ஏற்றப்பெற்றோருள் பலர் இன்று ஐம்பதும் அறுபதும் எழுபதும் கடந்தவர்கள். பிள்ளைப்பேற்றில், சாலை விபத்தில், அறுவை மருத்துவத்தில், தலசீமியாவில், ஹீமோபீலியாவில் பிழைத்தவர்கள் அவர்கள். அவர்களுள் பெரும்பாலோர்க்கு ஒன்றும் இராது. ஆனால், சிலர்க்கு இருக்கலாம். அவர்கள் அதனை அறியாதிருக்கலாம். விரல் நுனியில் ஒரு துளி இரத்தம் எடுத்துச் சோதிக்கும் முறை இப்போது வந்துவிட்டது. அருகிலுள்ள அரசாங்க மருந்தகத்திற்குச் சென்று கேட்பதற்குத் துணிவு ஒன்றே தேவை.

அந்த இளம் ஆசிரியருக்கு இப்போது முழு விடையைக் கூறுகின்றேன். தம்பி, அந்த வினாத்தாள் கொடையாளரை ஐயுறுவதற்காக எழுதப்பட்டதன்று. மாண்டவர்களின் பெயரால் எழுதப்பட்டது. அதன் ஒவ்வொரு வினாவும் எங்கோ ஒருகாலத்தில் கேட்கப்படாமல் விடப்பட்ட வினா. ஒளிவின்றி விடை எழுதுபவர் இரண்டு முறை கொடை அளிக்கின்றார்: ஒன்று இரத்தம், மற்றொன்று உண்மை.

ஆசிரியப் பெருமக்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஜூலை 28ஆம் நாள் உலகக் கல்லீரல் அழற்சி நாள். பிளம்பெர்க் பிறந்த நாளும் அதுவே. அவ்வாரத்தில் உயர்வகுப்பு மாணவர்களுக்கு ஒரு வீட்டுப்பாடம் கொடுங்கள். பாட்டியிடமும் தாத்தாவிடமும் அமர்ந்து, "உங்களுக்கு எப்போதாவது இரத்தம் ஏற்றினார்களா? எந்த ஆண்டு?" என்று கேட்டு வரச் சொல்லுங்கள். விடையைப் பள்ளிக்குக் கொண்டுவர வேண்டா; அது குடும்பத்தின் உடைமை. கேட்டால் போதும். வரலாற்றுப் பாடத்தில் நாம் அளிக்கும் வினாக்கள் பெரும்பாலும் மதிப்பெண் பெற்றுத் தருவன. இந்த ஒரு வினா யாரோ ஒரு பாட்டியின் ஆயுளைப் பெற்றுத் தரக்கூடும்.